முகப்பிற் பெயரும் அகத்தில் முத்திரையும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே, பெட்டகத்தின் அடித்தட்டிலோ அலுமாரியின் மூலையிலோ, துணியிற் பொதிந்த சட்டைப்பை மணிக்கூடு ஒன்று கிடைப்பது அரிதன்று. பெரும்பாலும் அது ஓடாது நின்றிருக்கும். அப்பு வாங்கியது, பேரனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்தது என்று அதன் வரலாற்றை வீட்டார் ஒரு வாக்கியத்திற் சொல்லி முடிப்பர். இதனை ஆக்கியவர் யார் என்று வினவினால், முகப்பில் எழுதியிருக்கும் பெயரை வாசித்துக் காட்டுவர். இலண்டன் வணிகர் ஒருவரின் பெயராக அது இருக்கலாம். சென்னை அல்லது பம்பாய் நிறுவனம் ஒன்றின் பெயராகவும் இருக்கலாம். அத்துடன் விடை கிடைத்துவிட்டதெனத் தோன்றும். உண்மையில் வினா அங்கேதான் தொடங்குகின்றது. முகப்பிலுள்ளது பல வேளைகளில் விற்றவரின் பெயர். ஆக்கியவரின் அடையாளம் அகத்தே மறைந்து கிடப்பது.

வெளித்தோற்றம் ஒன்றும் உள்ளிருப்பது வேறொன்றுமாக அமைதல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் 1706 ஆம் ஆண்டிற் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. பின்னர் போரில் அழிந்த அக்கட்டடத்தில் ஒல்லாந்தர் பயன்படுத்திய மணியில் 1648 என்னும் ஆண்டும், அற்புதங்களின் அன்னையின் பெயரும் போர்த்துக்கீச மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658 ஆம் ஆண்டில். எனவே அம்மணி அவர்களுக்கு முன் ஆண்ட போர்த்துக்கீசரின் தேவாலயத்துக்கு உரியது என்பது அதன் எழுத்தினாலேயே துணியப்படும். கட்டடத்தை நோக்கி மணியின் பிறப்பைச் சொல்லியவன் தவறியிருப்பான். மணியையே நோக்கியவன் உண்மையைக் கண்டிருப்பான்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞரும் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். சுவடியின் இறுதியிற் காணப்படும் பெயர் நூலை இயற்றியவர் பெயராக இருப்பதில்லை. ஏட்டை எழுதியவர் பெயராகவோ, எழுதுவித்து வைத்திருந்தவர் பெயராகவோ இருக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஒரே ஏட்டை நம்பி அமைந்தாரல்லர். பல ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உள்ளே கிடைத்த சான்று கொண்டே பாடத்தைத் துணிந்தார். பழைய மணிக்கூட்டின் இயந்திரத்தை ஆக்கியவர் யாரெனக் காணும் முறையும் ஏறக்குறைய இதுவே. மேலட்டையை நம்பாது உட்பக்கத்தை வாசித்தல், ஒன்றைத் தனியே நோக்காது ஒத்தவற்றோடு வைத்து நோக்குதல் என்னும் இரண்டும் இங்கும் வேண்டும்.

மணிக்கூடு இம்மண்ணில் எவ்வாறு இடம்பெற்றது என்பதை முதலிற் சிறிது நோக்குதல் தகும். முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது. உழவுக்கும் கோயிற் பூசைக்கும் சுபகருமத்துக்கும் அவ்வளவு நுட்பம் போதியதாயிற்று. 1816 ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி தோன்றியது. அதன் தலைவராக இருந்த டானியல் பூவர் பாதிரியாருக்கும், பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாருக்குமிடையே 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம் பற்றி எழுந்த வாதம் பெயர்பெற்றது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைப்பின் அளவு ஆகியவற்றில் இருவர் கணிதமும் வேறுபட்டன. நிகழ்ந்தபோது பூவரின் கணிதமே வானத்தோடு பொருந்தியதென மிசனரிமார் பதிவுசெய்தனர். வாதம் நாளைப் பற்றியதன்று, நிமிடங்களைப் பற்றியது. நிமிடத்தை அளக்க நிமிடம் காட்டும் கருவி வேண்டும். இவ்வாறு அறிவுத்துறைச் சான்றாகவே மணிக்கூடு இங்கு மதிப்புப் பெறலாயிற்று.

அதன்பின் அது ஊர்ப் பொதுவில் உயர்ந்து நின்றது. 1875 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் வருகை நினைவாக, 1882 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரிலே மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. கொழும்பு நூதனசாலையை வரைந்த ஸ்மிதர் என்பவரே இதனையும் வரைந்தார். கோபுரத்தை வரைந்தவர் வேறு, கட்டிய கொத்தர் வேறு, மேலே ஓடிய இயந்திரத்தை ஆக்கியவர் வேறு என்பதை இங்கேயும் மறத்தலாகாது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 இல் கொழும்பு வரை பாதை இணைந்தது. வண்டி எவருக்காகவும் காத்து நில்லாதாகலின் நிமிடக் கணக்கு மக்கள் வாழ்விற் புகுந்தது. அடுத்த ஆண்டாகிய 1906 இல் இலங்கையின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டதென வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணம் 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி அமைந்தமையால், சூரியனை ஒட்டிய அதன் சராசரி நேரம் 5 மணி 20 நிமிடமே முற்பட்டது. ஆகவே ஞாயிறு காட்டும் நேரத்துக்கும் மணிக்கூடு காட்டும் நேரத்துக்கும் ஏறக்குறையப் பத்து நிமிட வேறுபாடு நிலைபெற்றது.

இதே காலத்தில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றினர். புகையிரதத் தொழிலுக்கு நேரமே உயிர். அங்கே உழைத்து மீண்ட ஓய்வூதியகாரரின் சட்டையில் தொங்கிய சங்கிலியும் மணிக்கூடும் அவர்தம் உழைப்பின் அடையாளமாக விளங்கின. இன்று பெட்டகத்திற் கிடப்பவற்றுட் பல அவ்வழி வந்தவை. இனி, அவற்றின் முகப்பிலுள்ள பெயர் ஏன் பல வேளை ஆக்கியவரைச் சுட்டுவதில்லை என்பதை ஆராய்வோம்.

முதற் காரணம் தொழிற் பகுப்பு. மணிக்கூட்டை ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்தல் எக்காலத்திலும் அரிது. இங்கிலாந்திலே இலங்காசயர் மாகாணத்துப் பிரெஸ்கொற் என்னும் ஊரில், குடிசைகளிலும் சிறு பட்டறைகளிலும் இயந்திரத்தின் கரட்டு உருவைச் செய்தனர். அது இலண்டன், கவென்றி, லிவர்பூல் முதலிய நகரங்களுக்குச் சென்றது. அங்கே ஒருவர் பற்களைத் தீட்டினார். ஒருவர் கற்களைப் பதித்தார். ஒருவர் முகப்பை எழுதினார். மற்றொருவர் உறையைச் செய்தார். இறுதியில், பணம் கொடுத்து அனைத்தையும் சேர்ப்பித்த வணிகர் தம் பெயரைப் பொறித்தார். சுவிற்சர்லாந்திலும் இவ்வாறே. யூரா மலைநாட்டில் உழவர் பனிக்காலத்திலே தத்தம் வீட்டில் உறுப்புகளைச் செய்தனர். 1793 ஆம் ஆண்டளவில் பொந்தமெலோன் என்னும் ஊரிலே, முடிக்கப்படாத இயந்திரங்களை மட்டும் செய்து விற்கும் தொழில் தொடங்கியது. அத்தகைய இயந்திரத்தைப் பிரெஞ்சு மொழியில் 'எபோஷ்' என்பர். நெய்தவர் ஒருவர், கரையிட்டு விற்றவர் ஒருவர் எனப் புடைவைக்கு இரு வரலாறுகள் இருப்பதுபோல, மணிக்கூட்டுக்கும் இருந்தன.

இரண்டாவது காரணம் வாணிபம். கீழைநாடுகளிலே மக்கள் அறிந்தது கடையை; தொலைவிலுள்ள தொழிற்சாலையை அன்று. சென்னையிலே பீற்றர் ஓர் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய வாணிபம், பி. ஓர் அன்ட் சன்ஸ் எனப் பெயர்பெற்று மவுண்ட் றோட்டிலே பெரும் மாளிகையில் நடைபெற்றது. அந்நிறுவனத்தின் பெயரும் சென்னை என்னும் சொல்லும் எழுதிய முகப்புடைய மணிக்கூடுகளுள் ஐரோப்பிய இயந்திரங்கள் ஓடின. பம்பாயிலே 1886 ஆம் ஆண்டு தோன்றிய வெஸ்ற் என்ட் வோச் கம்பனியும் அத்தகையதே. படைவீரரும் புகையிரத ஊழியரும் விரும்பி வாங்கிய அதன் மணிக்கூடுகளுள் லோன்ஜின் தொழிற்சாலையின் இயந்திரங்களும் இருந்தன. பிற்காலத்தில் வேறு சுவிஸ் ஆலைகளின் இயந்திரங்களும் இடம்பெற்றன. இதிலே வஞ்சகம் ஒன்றுமில்லை. தன் பெயரை இட்ட வணிகன், பொருள் பழுதுற்றால் தானே பொறுப்பு எனவும் ஏற்றுக்கொண்டான்.

மூன்றாவது காரணம் வஞ்சகமே. 18 ஆம் நூற்றாண்டில் இலண்டன் மணிக்கூட்டுக்கு உலகெங்கும் மதிப்பிருந்தது. அதனைக் கண்டு, இலண்டன் என்னும் சொல்லையும் ஆங்கிலப் பெயர் போன்ற ஒன்றையும் பொறித்த மலிவான மணிக்கூடுகள் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வெளிவந்தன. தார்ற்ஸ், சாம்சன் முதலிய பெயர்களை இவற்றிற் காணலாம். இவை ஒல்லாந்தர் விரும்பிய முகப்பமைப்பைக் கொண்டிருந்தமையாலும், ஒல்லாந்து வணிகர் வழி பரவியமையாலும், 'ஒல்லாந்துப் போலிகள்' என இன்று வழங்கப்படுகின்றன. ஆயினும் இவற்றுட் பெரும்பாலன சுவிஸ் நாட்டிற் செய்யப்பட்டவை. பெயர் ஆங்கிலம், முகம் ஒல்லாந்து, உடல் சுவிஸ். இவற்றைக் காட்டிக்கொடுப்பது ஓர் உறுப்பே. அசையும் சில்லைத் தாங்கும் தகடு ஆங்கில வேலைப்பாட்டில் ஒரு காலில் நிற்கும். இப்போலிகளிற் பெரும்பாலும் இரண்டு கால்களில் நிற்கும். பெயரை எளிதில் மாற்றலாம். கைப்பழக்கத்தை மாற்றுதல் அரிது. பாரிஸ் நகரத்து மேதை பிறெகே தம் பெயரைத் திருடியவர்களுக்கு அஞ்சி, 1795 ஆம் ஆண்டளவிலே, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய கையொப்பத்தை முகப்பிலே பொறிக்கத் தொடங்கினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இத்தகைய மயக்கத்தைத் தடுக்கவே 1887 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் வாணிபக் குறிச் சட்டத்தை இயற்றியது. பிறநாட்டிற் செய்த பொருளில் ஆங்கில வணிகரின் பெயர் இருப்பின், அது செய்யப்பட்ட நாட்டையும் காட்டுதல் வேண்டும் என அது விதித்தது. 'சுவிஸ் மேட்' என்னும் சிறு எழுத்துகள் முகப்பின் அடியிலே பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவ்வெழுத்துகள் நாட்டைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லா.

ஆக்கியவரைக் காணும் வழியிலே முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி உறை. பின்மூடியைத் திறந்தால் வெள்ளி அல்லது பொன்னின் தரம் காட்டும் முத்திரைகள் தெரியும். நங்கூரம் இருப்பின் பேமிங்காமிலும், வாளும் மூன்று கோதுமைக் கட்டுகளும் இருப்பின் செஸ்ரரிலும் பரிசோதிக்கப்பட்ட உறை அது. சுவிஸ் முத்திரைகளுட் காட்டுக்கோழி 0.800 தரமுள்ள வெள்ளியையும், கரடி 0.875 தரத்தையும், மூன்று கரடிகள் 0.935 தரத்தையும் குறிக்கும். ஆங்கில முத்திரையோடு ஆண்டெழுத்தும் இருப்பதால் உறையின் காலத்தைச் செம்மையாகக் கூறலாம். ஆயினும் இச்சாட்சி உறையைப் பற்றி மட்டுமே பேசும். தேய்ந்த உறையை நீக்கிப் புதியது இடுதலும், பொன்னுறையை உருக்கிவிட்டு இயந்திரத்தை வேறோர் உறையில் அடக்குதலும் எங்கும் நிகழ்ந்தன. அன்றியும் 1907 முதல் இங்கிலாந்துக்குள் இறக்குமதியாகும் உறைகளும் அங்கே முத்திரை பெற வேண்டியிருந்தன. ஆதலின் ஆங்கில முத்திரை கண்டதும் ஆங்கில மணிக்கூடு எனத் துணிதல் பொருந்தாது.

இரண்டாம் சாட்சி இயந்திரத்தின் அமைப்பு. மாறி மாறிச் சுழலும் சில்லைப் 'பலன்ஸ்' எனத் தொழிலாளர் வழங்குவர். அதனையும் பற்சில்லுத் தொடரையும் இணைக்கும் உறுப்பு எவ்வகையது என்பதே காலத்தையும் நாட்டையும் பெரும்பாலும் சொல்லிவிடும். நெம்புகோல் வகையை இங்கிலாந்திலே தொமஸ் மட்ஜ் என்பவர் 18 ஆம் நூற்றாண்டின் நடுவிற் கண்டார். ஆங்கிலேயர் அதில் கூர்நுனிப் பற்களுள்ள சில்லை அமைத்தனர். சுவிஸ் தொழிலாளர் நுனி தடித்த பற்களை அமைத்தனர். கல்லுக்குப் பதிலாக உருக்கு ஊசிகள் இருப்பின் அது மலிவு வகை. லா ஷோ டி போன் நகரிலே ஜோர்ஜ் பிரெடெரிக் றோஸ்கொப் என்பவர் 1867 ஆம் ஆண்டிலே, உழைப்பாளி ஒருவர் 20 பிராங்குக்கு வாங்கத்தக்க மணிக்கூட்டை வெளியிட்டார். நடுச்சில்லை நீக்கி, சுருள்வில் அடங்கும் உருளையைப் பெரிதாக்கி, உறுப்புகளைக் குறைத்தது அவர் சூழ்ச்சி. அதன் வெற்றியைக் கண்டு எண்ணற்றோர் 'றோஸ்கொப் முறை' என எழுதி விற்றனர். ஆகவே றோஸ்கொப் என்னும் பெயர் முகப்பிலிருந்தால், அது ஆளின் பெயரன்று. பெரும்பாலும் வகையின் பெயர்.

மூன்றாம் சாட்சியே தலையாயது. அது முகப்பின் கீழும் பலன்ஸின் கீழும் ஒளிந்திருக்கும் முத்திரை. முகப்பைக் கழற்றினால் அடித்தகட்டின் ஓரத்திலே மிகச் சிறிய கேடயமோ நட்சத்திரமோ எழுத்தோ தென்படலாம். அருகிலே மூன்று அல்லது நான்கு இலக்க எண் இருக்கும். 'ஏ', 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்துகளாயின் 1896 இல் கிறென்ஷன் நகரிலே தொடங்கிய அடொல்ப் ஷில்ட் ஆலை. 'எஃப்', 'எச்', 'எஃப்' என்பனவாயின் பொந்தமெலோன் ஆலை. அருகிலுள்ள எண் இயந்திர வகையைக் குறிக்கும். ஷில்ட், பொந்தமெலோன், மிஷெல் என்னும் மூன்று ஆலைகளும் 1926 ஆம் ஆண்டிலே எபோஷ் நிறுவனம் என ஒன்றுகூடின. அதன்பின் ஒரே இயந்திரம் நூற்றுக்கணக்கான பெயர்களின் கீழ் உலகெங்கும் சென்றது. முகப்பிலே பெயர் வேறு, விலை வேறு. அகத்திலே ஓடியது ஒன்று.

முத்திரை தேய்ந்தோ இடப்படாமலோ இருப்பின் நான்காம் சாட்சியாகிய அளவும் வடிவும் உதவும். இயந்திரத் தகட்டின் விட்டத்தை 'லீஞ்' என்னும் பழைய பிரெஞ்சு அளவிலே கூறுவது மரபு. ஒரு லீஞ் ஏறக்குறைய 2.256 மில்லிமீற்றர், 12 லீஞ் ஒரு பழைய பிரெஞ்சு அங்குலம். தகடு 29.3 மில்லிமீற்றர் இருப்பின் அது 13 லீஞ். அடுத்து, முகப்பின் கீழே ஊசியைத் திருப்பும் உறுப்புகளை அழுத்தி நிற்கும் சிறிய உருக்கு வில்லின் வடிவை நோக்க வேண்டும். ஒவ்வோர் ஆலையும் அதனைத் தன் போக்கில் வளைத்து வெட்டியது. கைரேகை போல அது ஆளைக் காட்டும். பழைய உறுப்புப் பட்டியல்களில் இவ்வில்லின் படத்தை அளவு வாரியாக அச்சிட்டதன் நோக்கமும் இதுவே. கற்களின் எண்ணிக்கையோ இதற்கு உதவாது. 15 கல்லும் 17 கல்லும் எல்லா ஆலையும் இட்டவையே.

ஐந்தாம் சாட்சி தொடர் எண். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடமாகிய பொஸ்தனுக்கு அண்மையில், வோல்தம் என்னும் ஊர் உளது. 1850 களில் அங்கே அமைந்த ஆலை, ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துமாறு இயந்திரங்களாலேயே மணிக்கூடு செய்து உலகை வியப்பித்தது. ஒரு நூற்றாண்டில் 3 கோடிக்கு மேற்பட்ட இயந்திரங்களை அது செய்தது. ஒவ்வொன்றிலும் எண் இட்டது. அவ்வெண்ணைக் கொண்டு ஆண்டையும் வகையையும் இன்றும் அறியலாம். சுவிஸ் நாட்டு லோன்ஜின் ஆலையும் 1867 முதலாகத் தன் எண்களைப் பதிவேட்டிற் பேணி வருகின்றது. ஆனால் உறையின் எண் வேறு, இயந்திரத்தின் எண் வேறு. இரண்டையும் மயங்கியவர் பிழையான முடிவுக்கே வருவர்.

இவ்வைந்தையும் ஒருங்கே வைத்து நோக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒருவர் கையிலுள்ள வெள்ளி மணிக்கூட்டின் முகப்பிலே சென்னைக் கடையின் பெயர். மூடியிலே மூன்று கரடிகள். திறந்தால் நுனி தடித்த பற்களுள்ள நெம்புகோல் அமைப்பு. பலன்ஸின் கீழ் ஆலை முத்திரை என வைத்துக்கொள்க. கடை விற்றது, சுவிஸ் அரசின் பரிசோதகர் வெள்ளியை ஒப்புக்கொண்டார், பற்கள் சுவிஸ் கைவேலையைக் காட்டின, முத்திரை ஆலையைச் சொன்னது. நான்கு சாட்சிகளும் ஒன்றையொன்று மறுக்காவிடின் முடிவு உறுதி. ஆங்கில உறையினுள்ளே சுவிஸ் பற்கள் காணப்படின், உறை மாறியதா, இறக்குமதி முத்திரையா என மீளவும் விசாரித்தல் வேண்டும். முதலில் வந்த சாட்சியோடு வழக்கை முடித்துவிடல் ஆகாது.

இத்தனை ஆராய்ச்சியால் வரும் பயன் யாது என ஒருவர் வினவலாம். பயன் இரண்டு. முதலாவது, பிழைக்கும் வழி. நின்ற மணிக்கூட்டை ஓடச் செய்ய உறுப்பு வேண்டும். முகப்பின் பெயரைச் சொல்லி உறுப்புத் தேடினால் கிடைக்காது. இயந்திரத்தின் வகையைச் சொன்னால் கிடைக்கும். வேறு பெயரோடு வேறு வீட்டிற் கிடக்கும் மணிக்கூட்டின் அகத்திலும் அதே இயந்திரம் இருக்கலாம். ஒன்றன் உறுப்பால் மற்றொன்று உயிர்பெறும். 1969 ஆம் ஆண்டு டிசம்பரில் யப்பானிலே பளிங்கு மணிக்கூடு விற்பனைக்கு வந்தபின், பற்றரியின் ஆட்சி பெருகி, முறுக்கு மணிக்கூட்டைச் செய்த ஆலைகள் பல மறைந்தன. பெங்களூரிலே 1961 இல் யப்பானின் சிற்றிசன் நிறுவனத்துத் துணையுடன் தொடங்கிய எச்.எம்.ரி. மணிக்கூட்டுத் தொழிலும் பின்னர் மூடப்பட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்தில் வரலாறு வேறொரு பாடத்தைச் சொன்னது. 1990 முதல் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே பற்றரியும் அடங்கியது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. முறுக்கினால் ஓடும் பழைய இயந்திரத்துக்கு எத்தடையும் இல்லை. வேண்டியது அதன் உள்ளத்தை அறிந்த ஒரு கை மட்டுமே. வெளியிலிருந்து உறுப்பு வாராத வேளையில் எது எதற்குப் பொருந்தும் என்னும் அறிவே உறுப்பாக நின்றது.

இரண்டாவது பயன் இன்னும் ஆழமானது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 வரையான நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் கையிலெடுத்தவற்றோடு ஊரை விட்டு நீங்கினர். எழுத்துச் சான்று குன்றிய மண்ணிலே, எடுத்துச் செல்லத்தக்க சிறு பொருள்களே வரலாற்றைச் சுமக்கின்றன. மணிக்கூட்டின் பின்மூடியின் உட்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசியாற் கீறிய எண்களும் எழுத்துகளும் தேதியும் தென்படுவதுண்டு. ஒவ்வொரு முறை திருத்தியபோதும் தொழிலாளர் இட்ட குறிப்புகள் அவை. ஏட்டின் ஓரத்திலே பிற்கால வாசகர் எழுதிவைத்த குறிப்புகளுக்கு அவை நிகர். ஆலையின் முத்திரை அது பிறந்த இடத்தைச் சொல்லும். கடையின் பெயர் அது கைமாறிய இடத்தைச் சொல்லும். கீறிய குறிப்பு அது வாழ்ந்த காலத்தைச் சொல்லும். மூன்றையும் சேர்த்து வாசிப்பவருக்கு ஒரு குடும்பத்தின் நடை புலப்படும்.

ஆதலின் பழைய மணிக்கூட்டைப் பழம்பித்தளை விலைக்குக் கொடுத்தல் தகாது. மெருகிடுவதாக எண்ணி உள்மூடியைத் தேய்த்தலும் தகாது. மெருகு ஏறும்போது கீறல்கள் மறைந்துவிடும். திருத்தக் கொடுக்கும்போது, முகப்பைக் கழற்றும் தொழிலாளரிடம் அடித்தகட்டின் முத்திரையையும் எண்ணையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, உறையின் எண்ணோடும் வைத்திருந்தவரின் பெயரோடும் சேர்த்துப் பேணுதல் எவருக்கும் இயலும். யூரா மலையிலோ பிரெஸ்கொற் குடிசையிலோ விளக்கொளியில் அமர்ந்து பற்சில்லைத் தீட்டியவரின் பெயரை எந்த முகப்பும் தாங்கவில்லை. அவர் ஆலையின் சிறு முத்திரையேனும் எஞ்சியிருக்க, அதனை வாசித்தறிவது அவருழைப்புக்குச் செய்யும் நன்றி. அம்மணிக்கூட்டைக் கடல் கடந்து உழைத்து வாங்கிய பேரனாருக்கும் அதுவே நன்றியாகும்.